எபிரேய மறைநூலில் உடன்படிக்கையும் வாக்குப் பிறழாமையும்: வேள்விக்குடிச் செப்பேட்டுடன் ஓர் ஒப்புநோக்கு

முன்னுரை

கொடுத்த வாக்கைக் காத்தல் அறம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு எழுவது அதற்கு அடுத்த படியில்தான். வாக்களித்தவரும் வாக்குப் பெற்றவரும் மறைந்து, பல தலைமுறைகள் கழிந்து, வாக்கு நிறைவேறியதற்கான அடையாளங்களும் அழிந்துவிட்ட நிலையில் அவ்வாக்கு எவரையேனும் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தும் எனின் யாரை? அது பொய்த்ததாகத் தோன்றும்போது யாரிடம் முறையிடுவது?

எபிரேய மறைநூல் இவ்வினாக்களைக் கடவுளை நோக்கியே எழுப்புகிறது. ஆபிரகாமுக்கும் தாவீதுக்கும் கடவுள் அளித்த வாக்கு என்றும் மாறாதது என்று அந்நூல் மீண்டும் மீண்டும் உரைக்கிறது. கி.மு. 586 அளவில் எருசலேம் வீழ்ந்து, கோயில் எரிக்கப்பட்டு, தாவீதின் அரியணை வெறுமையானதையும் அதே நூல் மறைக்காமல் பதிவு செய்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக்கொண்டு கடவுளை வாக்குப் பிறழாதவர் என்று சொல்வது எப்பொருளில் என்பதே இக்கட்டுரையின் வினா.

தமிழ்ப் பரப்பில் இவ்வினாவுக்கு நெருங்கிய ஆவணம் வேள்விக்குடிச் செப்பேடு. மறந்துபோன ஒரு பழங்கொடையை மீட்ட வரலாறு அது. எபிரேய மரபுக்கும் பாண்டியர் ஆவணத்துக்கும் கொள்வினை கொடுப்பினை இருந்தது என்று இக்கட்டுரை கூறவில்லை. தொடர்பற்ற இரு மரபுகள் ஒரே அறச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டன என்று ஒப்பிட்டுக் காண்பதே நோக்கம். பழைய வாக்கு ஒன்றை உயிர்ப்பிப்பது வாக்களித்தவரின் உறுதி மட்டுமன்று, வாக்குப் பெற்றவரின் முறையீடும் ஆகும். எனவே கடவுளை நோக்கிய குற்றச்சாட்டு உடன்படிக்கைக்கு வெளியே நிற்பதன்று, அதன் உள்ளுறுப்பே என்பது இக்கட்டுரையின் துணிபு.

சொல்லும் பொருளும்

1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்தபின் எபிரேய மறைநூலைத் தொடங்கி, ரூத்து நூல் வரை கொணர்ந்து 1719இல் மறைந்தார். எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்ச் நிறைவு செய்தார். அக்காலந்தொட்டு வெவ்வேறு மொழிபெயர்ப்புகள் கடவுட்பெயரிலும் நடையிலும் பெரிதும் வேறுபட்டுள்ளன. ஆயினும் 1871ஆம் ஆண்டின் பவர் மொழிபெயர்ப்பும் 1995ஆம் ஆண்டின் திருவிவிலியமும் 'பெரித்' என்னும் எபிரேயச் சொல்லுக்கு 'உடன்படிக்கை' என்னும் ஒரே சொல்லையே ஆள்கின்றன.

உடன்படிக்கை என்பது 'உடன்படு' என்னும் வினையடியாகப் பிறந்தது. இருவர் இசைந்து ஏற்றல் அதன் பொருள். சீனாய் மலையடியில் மக்கள் கட்டளைகளைக் கேட்டு, 'அவ்வாறே செய்வோம்' என்று ஏற்கும் நிகழ்ச்சிக்கு இச்சொல் மிகப் பொருந்தும். ஆனால் எபிரேய மரபில் உடன்படிக்கையைச் 'செய்வது' இல்லை; 'வெட்டுவது' உண்டு. 'பெரித்'தோடு சேரும் வினை வெட்டுதற்பொருளது. இதன் பின்புலத்தைத் தொடக்கநூல் 15ஆம் அதிகாரம் காட்டுகிறது. ஆபிரகாம் விலங்குகளை இருகூறாக வெட்டி எதிரெதிரே வைக்கிறார். கதிரவன் மறைந்தபின் புகையும் தீச்சட்டியும் எரியும் பந்தமும் அக்கூறுகளினூடே கடந்து செல்கின்றன. வாக்குத் தவறினால் இவ்விலங்குக்கு நேர்ந்தது எனக்கும் நேர்க என்பதே இச்சடங்கின் உட்பொருள் என்பது எரேமியா 34ஆம் அதிகாரத்தால் தெளிவாகும். வெட்டிய கன்றின் கூறுகளினூடே கடந்து உடன்படிக்கை செய்துவிட்டுப் பின் அதனை மீறியோரை அங்கே இறைவாக்கினர் கடிகின்றார்.

ஆபிரகாம் அப்போது ஆழ்ந்த துயிலில் கிடக்கிறார். கூறுகளினூடே கடப்பது கடவுளின் அடையாளமான தீ மட்டுமே. இங்கு உடன்படுவார் இருவர் இல்லை. தன்னைத் தானே கட்டிக்கொள்பவர் ஒருவரே உள்ளார். 'உடன்படிக்கை' என்னும் தமிழ்ச்சொல் இந்த ஒருதலைமையைக் காட்டுவதில்லை. 'பட்டயம்' என்னும் சொல்லே இவ்விடத்துக்கு நெருங்கியது எனலாம்.

இக்கருத்துக்கு விவிலிய ஆய்விலும் ஆதரவு உண்டு. சீனாய் உடன்படிக்கையின் வடிவத்தை இத்தைட்டுப் பேரரசர்கள் சிற்றரசரோடு செய்த ஒப்பந்தங்களோடு ஜார்ஜ் மெண்டன்ஹால் 1954இல் ஒப்பிட்டார். 1970இல் மோஷே வைன்ஃபெல்ட் ஆபிரகாம், தாவீது ஆகியோர்க்குரிய உடன்படிக்கைகளை அவ்வகையிலிருந்து பிரித்து, அரசர் தம் தொண்டர்க்கு வழிவழியாக அளிக்கும் கொடைப் பட்டயங்களோடு சேர்த்தார். ஒப்பந்தம் கீழோரின் கடமையை வலியுறுத்துவது. கொடைப் பட்டயம் மேலோரின் கடமையை வலியுறுத்துவது என்பது அவர் காட்டிய வேறுபாடு. செப்பேடுகளோடு பழகிய தமிழாய்வாளர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று.

கடவுளின் உறுதியைக் குறிக்கும் சொற்கள் இரண்டு. ஒன்று 'ஹெசெத்'. உறவின் கடப்பாட்டிலிருந்து விலகாத அன்பு அதன் பொருள். பவர் இதனைக் 'கிருபை' என்றார். திருவிவிலியம் 'பேரன்பு' என்றது. மற்றொன்று 'எமுனா'. நிலைபேறு, நம்பத்தக்க தன்மை என்பன அதன் பொருள். தமிழ்க் கிறித்தவர் வழிபாட்டில் ஒலிக்கும் 'ஆமென்' என்னும் சொல்லும் அதே வேரினது. தமிழில் 'உண்மை' என்பது உள்ளதன் தன்மையைச் சுட்டுவது போல, 'எமுனா' என்பது அசையாததன் தன்மையைச் சுட்டுகிறது. எனவே கடவுளின் வாய்மை என்பது உள்ளதை உள்ளவாறு கூறல் அன்று. கூறியதில் அசையாது நிற்றல்.

சூளும் சான்றும்

தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் உறுதிமொழிக்குத் தமிழில் நெடிய மரபுண்டு. புறநானூற்றின் 71, 72, 73 ஆகிய பாடல்கள் வஞ்சினக் காஞ்சித் துறையின. 72ஆம் பாடலில் பாண்டியன் நெடுஞ்செழியன், தன்னை இகழ்ந்த பகைவரை வெல்லாவிடின் தன் குடிமக்கள் தன்னைக் கொடியன் எனத் தூற்றட்டும், மாங்குடி மருதன் தலைமையிலான புலவர் தன் நாட்டைப் பாடாது ஒழியட்டும், இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை தன்னைச் சேரட்டும் என்று தன்மேல் தானே பழியை வருவித்துக்கொள்கிறான். வெட்டிய விலங்கினூடே கடக்கும் சடங்கும் இவ்வஞ்சினமும் அமைப்பால் ஒன்றே. இரண்டிலும் உறுதிக்கு ஈடாக வைக்கப்படுவது உறுதி கூறுபவரின் சொந்த நிலையே.

அகத்திணையில் சூளின் நிலை வேறு. தலைவன் தெய்வத்தைச் சான்றாக வைத்துச் சூளுரைக்கிறான். சூள் பொய்த்தால் தெய்வம் அவனை வருத்தும். இங்குத் தெய்வம் சான்றும் ஒறுப்பும் ஆகிறது, சூளுரைப்பவன் மனிதன். எபிரேய மறைநூலிலும் மாந்தர் கடவுளைச் சான்றாக வைத்துச் சூளுரைப்பது உண்டு. ஆனால் ஆபிரகாமுக்கு வாக்களிக்கும் இடத்தில் கடவுளே சூளுரைப்பவர் ஆகிறார். அவரினும் உயர்ந்த சான்று இன்மையால், தொடக்கநூல் 22ஆம் அதிகாரத்தில் தம்மைக் கொண்டே ஆணையிடுகிறார். சான்றும் ஒறுப்பும் வாக்களிப்பவரும் ஒருவரே என்றாகிறது. அவர் வாக்குத் தவறினால் அவரைக் கேட்கவல்ல மற்றொரு தெய்வம் இல்லை. பின்னர் எழும் சிக்கல் முழுவதும் இப்புள்ளியில்தான் கருக்கொள்கிறது.

வேள்விக்குடி காட்டும் நெறி

எச். கிருஷ்ண சாஸ்திரி எபிகிராபியா இண்டிகாவின் 17ஆம் தொகுதியில் பதிப்பித்த வேள்விக்குடிச் செப்பேடு, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் 3ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கி.பி. 770 அளவினது என்பர். அது கூறும் செய்தி வருமாறு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, கொற்கைகிழான் நற்கொற்றன் என்பவரின் வேள்வி நிறைவேறுதற்பொருட்டு ஓர் ஊரை வழங்கினான். அது வேள்விக்குடி எனப் பெயர் பெற்றது. பின்னர்க் களப்பிரர் நாட்டைக் கைக்கொண்டு அவ்வூரையும் பறித்தனர். கடுங்கோன் களப்பிரரை நீக்கிப் பாண்டியராட்சியை மீட்டான். அவன் வழியில் ஏழாமவனான நெடுஞ்சடையன் கூடல் நகரில் சென்றபோது, நற்கொற்றனின் வழிவந்த காமக்காணி நற்சிங்கன் அவன்முன் கதறி முறையிட்டான். அரசன் சினவாது அழைத்து வினவினான். செய்தி கேட்டு முறுவலித்து, இக்கொடை பழையது என்பதை நாட்டாரைக் கொண்டு காட்டிப் பெற்றுக்கொள்க என்றான். நற்சிங்கன் அவ்வாறே காட்டினான். தம் முன்னோர் முறைப்படி அளித்ததைத் தாமும் அளித்ததாக அறிவித்து அரசன் ஊரை மீட்டளித்தான்.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கவை நான்கு.

முதலாவது, பகை நீங்கியதால் மட்டும் வாக்கு மீளவில்லை. களப்பிரர் ஆட்சியைக் கடுங்கோன் அகற்றியபின் ஐந்து மன்னர் ஆண்டனர். அவர்கள் காலத்தில் கொடை மீண்டதாகச் செப்பேடு கூறவில்லை. ஏழாம் மன்னன் காலத்தில் ஒருவன் தெருவில் நின்று கதறிய பின்னரே அது மீண்டது. வாக்கு அழியவில்லை, ஆயினும் உறங்கியது. அதை எழுப்பியது முறையீடு.

இரண்டாவது, முறையிட்டவன் இரந்து நிற்கவில்லை. புதிதாக ஒன்றை ஈக என்று அவன் கேட்டிருந்தால் அது இரத்தல். முன்னர்க் கொடுத்ததைத் தருக என்றதனால் அது உரிமை. மூன்றாவது, அரசன் சான்று கேட்டான். வாக்கை மதிப்பது என்பது யார் வந்து எதைக் கூறினும் ஏற்பது அன்று. நான்காவது, சான்று கிடைத்தபின் அரசன் முன்னோரின் வாக்கைத் தன் வாக்காக்கிக்கொண்டான். முதுகுடுமியின் கடமையை நிறைவேற்றுவதாக மட்டும் கூறாமல், கொடையில் தன்னையும் கொடையாளியாக இணைத்தான்.

இனி எபிரேய மறைநூலை நோக்குவோம். எகிப்தில் அடிமைப்பட்ட மக்களின் கதறலைக் கடவுள் கேட்டு, ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரோடு செய்த உடன்படிக்கையை நினைவுகூர்ந்தார் என்று விடுதலைப் பயணம் 2ஆம் அதிகாரம் கூறுகிறது. முதலில் கதறல், பின்னர் நினைவு. எல்லாம் அறிந்த கடவுளுக்கு நினைவூட்டல் எதற்கு என்று மெய்யியலார் வினவலாம். மறைநூலாசிரியர் அவ்வினாவை எழுப்பவில்லை. நோவாவின் காலத்தில் வானவில்லை வைத்தபோதும், அதைக் கண்டு தாம் உடன்படிக்கையை நினைவுகூர்வதாகவே கடவுள் கூறுகிறார். நினைவுக்குறி மாந்தர்க்கு மட்டுமன்று, கடவுளுக்கும் வேண்டப்படுகிறது. உறவு என்பது இருவழிப்பட்டது என்பதை உணர்த்தும் முறை இது எனக் கொள்ளலாம்.

நான்காவது கூறில் ஒரு வேறுபாடு உண்டு. வேள்விக்குடியில் வாக்கைத் தமதாக்கிக்கொள்பவர் கொடுக்கும் தரப்பின் வழித்தோன்றல். எபிரேய மறைநூலில் கொடுப்பவர்க்கு இறப்பில்லை, வழித்தோன்றல் தேவையில்லை. அங்கே வாக்கைப் புதுப்பித்துக்கொள்பவர் பெறும் தரப்பினர். இவ்வுடன்படிக்கை நம் மூதாதையரோடு அன்று, இன்று உயிரோடிருக்கும் நம்மோடே செய்யப்பட்டது என்று இணைச்சட்டம் 5ஆம் அதிகாரத்தில் மோசே கூறுவது இதனையே.

தலைவியின் வழியும் கண்ணகியின் வழியும்

வாக்குப் பொய்த்ததாகத் தோன்றும்போது வாக்குப் பெற்றவர் என் செய்வர்? தமிழிலக்கியம் இருவழிகளைக் காட்டுகிறது.

ஒன்று குறுந்தொகை 87இல் கபிலர் காட்டும் தலைவியின் வழி. மன்றத்து மராமரத்தில் உறையும் அச்சந்தரும் கடவுள் கொடியோரை வருத்தும் என்பர். தலைவன் திரும்பவில்லை. ஆனால் தலைவி, தன் தலைவன் கொடியன் அல்லன் என்கிறாள். நெற்றி பசந்ததும் தோள் மெலிந்ததும் தன் நெஞ்சின் இயல்பால் விளைந்தவை என்று தன்மேல் ஏற்றுக்கொள்கிறாள். தலைவனின் வாய்மை பழுதுபடாதிருக்கத் தன்னைப் பழிக்கு உரியவள் ஆக்கிக்கொள்கிறாள்.

மற்றொன்று சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் வழி. அவள் தன்மேல் பழியேற்கவில்லை. ஆராய்ச்சி மணியின் மரபும் முறைகாக்கும் கடமையும் உடைய அரசவையிலேயே சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். அரசன் தன் பிழையுணர்ந்து உயிர்நீத்தான். வளைந்த கோல் அவன் உயிரால் நிமிர்ந்தது என்பது காப்பியம் தரும் பொருள்.

எபிரேய மறைநூலில் தலைவியின் வழியே பெருவழி. எருசலேம் வீழ்ந்ததற்குக் காரணம் மக்களின் பிழை என்று அரசர் நூல்களும் எரேமியாவும் உரைக்கின்றன. கடவுள் தம் வாக்கை மீறவில்லை; மக்களே மீறினர். தன்னையே ஆராயவைக்கும் இவ்விடையின் அறவலிமை பெரிது. தோற்ற மக்கள் தம் தெய்வத்தையும் தோற்றதாகக் கருதி மறந்துவிடும் உலகில், இவ்விடை அம்மக்களின் நினைவைக் காத்தது. ஆயினும் அதன் குறையும் தெளிவு. எல்லாத் துன்பத்தையும் துன்புறுவோரின் பிழையாகக் காட்டும்போது, பிழை செய்யாதோரின் துன்பத்துக்கு அதில் இடமில்லாமல் போகிறது.

அவ்விடத்தை நிரப்புவன திருப்பாடல்கள் 44உம் 89உம் ஆகும். நாங்கள் உம்மை மறக்கவில்லை, உமது உடன்படிக்கைக்குப் பொய்க்கவில்லை, ஆயினும் இத்தனையும் எங்கள்மேல் வந்தன என்னும் கருத்தை 44ஆம் பாடல் வெளிப்படையாக முன்வைக்கிறது. 89ஆம் பாடல் இதனினும் கூரியது. 52 வசனங்கள் கொண்ட அப்பாடலில் 'எமுனா' என்னும் சொல் ஏழு முறை வருகிறது. முதற்பகுதி கடவுளின் பேரன்பையும் பிறழாமையையும் போற்றுகிறது. அடுத்த பகுதி தாவீதுக்கு அளித்த வாக்கை விரிக்கிறது. மக்கள் பிழைத்தாலும் ஒறுப்பேனேயன்றி வாக்கு மாறேன், கதிரும் நிலவும் போல அவன் அரியணை நிலைக்கும் என்பது அவ்வாக்கு. 38ஆம் வசனத்தில் பாடல் திரும்புகிறது. நீரே தள்ளிவிட்டீர், நீரே உடன்படிக்கையை வெறுத்தீர், நீரே அவன் முடியை மண்ணில் எறிந்தீர் என்று முன்னிலை வினைகள் அடுக்கி வருகின்றன.

இங்கே வேள்விக்குடியோடு ஒரு முதன்மையான வேறுபாடு புலனாகிறது. வேள்விக்குடிச் செப்பேட்டில் வாக்கு முறிந்ததற்குக் காரணமாகக் களப்பிரர் உள்ளனர். முறையிட்டவனும் அரசனும் ஒருங்கே சுட்டிக் குறைகூறத்தக்க மூன்றாம் தரப்பினர் அவர்கள். அதனால் முறையீடு அரசனைக் குற்றஞ்சாட்டாமல் முடிகிறது. 89ஆம் பாடலிலோ களப்பிரர் இல்லை. எருசலேமை அழித்தவர் பாபிலோனியர் என்பது புலவர் காலத்தோர் அறியாததன்று. எனினும் பாபிலோனின் பெயரைப் பாடல் கூறவில்லை. பகைவர் இடம்பெறும் வசனங்களிலும், அவர்தம் வலக்கையை உயர்த்தியவர் கடவுளே என்கிறது. ஒரே கடவுளை ஏற்றுக்கொண்டபின் பழியை ஏற்றற்கு வேறொருவர் இல்லை. மூன்றாம் தரப்பை நீக்கியதே 89ஆம் பாடலின் துணிவு.

ஆயினும் கண்ணகியின் வழியும் இங்கு முழுதும் பொருந்தாது. பாண்டியன் உயிர்விட்டுக் கோலை நிமிர்த்தினான். சாகாத கடவுளிடம் அத்தீர்வு இல்லை. 49ஆம் வசனத்தில் புலவர், உம் பிறழாமையைக் கொண்டு தாவீதுக்கு ஆணையிட்ட பழைய பேரன்பு எங்கே என்று வினவுகிறார். விடை வரவில்லை. 52ஆம் வசனமாகிய வாழ்த்து திருப்பாடல்களின் மூன்றாம் பகுதியை முடிக்கும் பொது வாழ்த்தே, விடை அன்று. விடை பெறாத இக்குற்றச்சாட்டைப் பாடலாகத் தொகுத்து, வழிபாட்டு நூலில் வைத்து, தலைமுறை தலைமுறையாகக் கடவுள்முன் ஓதிவருகின்றனர் என்பதே கருதத்தக்கது. கடவுள் வாக்குப் பிறழாதவர் என்று நம்பாதவர்க்கு இப்பாடலில் வேலையில்லை. கட்டுப்பட்டவரையன்றி எவரையும் வாக்குத் தவறியதாகக் குற்றஞ்சாட்ட இயலாது. எனவே குற்றச்சாட்டு நம்பிக்கையின் மறுப்பன்று. நம்பிக்கை எஞ்சியிருக்கும் வடிவங்களுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டில் நாசியரால் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டபின் இவ்வழி மீண்டும் முன்வந்தது. அவ்வதைமுகாமில் உயிர்தப்பிய எலி வீசல், கடவுளை விசாரணைக் கூண்டில் நிறுத்தும் நாடகம் ஒன்றை 1979இல் வெளியிட்டார். 89ஆம் பாடலின் மரபில் வைத்தே அதனைப் படிக்க வேண்டும்.

வாக்கின் மறுபக்கம்

ஒருவர்க்கு நிலத்தை வாக்களிப்பது அந்நிலத்தில் வாழும் மற்றவர்க்கு என்னவாகும் என்னும் வினாவைத் தவிர்த்துவிட்டு இவ்வாய்வை முடித்தல் முறையன்று. தொடக்கநூல் 15ஆம் அதிகாரம் வாக்களிக்கப்பட்ட நிலத்தில் வாழ்ந்த பத்து இனத்தாரின் பெயர்களை அடுக்குகிறது. அவர்கள் இவ்வுடன்படிக்கைக்குத் தரப்பினர் அல்லர். வேள்விக்குடியிலும் இவ்வினா உண்டு. ஊர் பறிபோன காலமுதல் நற்சிங்கன் பெறும்வரை அந்நிலத்தில் உழுதவர் யாவர், மீட்புக்குப்பின் அவர் நிலை யாது என்பதைச் செப்பேடு கூறவில்லை. வாக்கைக் காத்த அரசனின் அறத்தைப் போற்றும் ஆவணம், அவ்வறத்தின் விலையைக் கொடுத்தவரைப் பற்றி வாய்திறக்கவில்லை.

எபிரேய மறைநூல் இவ்வினாவைத் தீர்த்துவிட்டது என்று கூறவியலாது. யோசுவா நூலின் போர்கள் அறவுணர்வுடைய எவரையும் உறுத்துவன. ஆயினும் அந்நூற்றொகுதிக்குள்ளேயே வேறு குரல்களும் உள. தொடக்கநூல் 23இல் ஆபிரகாம் தம் மனைவி சாராவை அடக்கம் செய்ய இடமின்றி நிற்கிறார். நாடு முழுவதும் தம் வழியினர்க்கு வாக்களிக்கப்பட்டது என்று அவர் கூறவில்லை. தம்மை அந்நியர் என்றே கூறிக்கொண்டு, இத்தியனான எப்ரோனிடம் 400 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து மக்பேலா நிலத்தை விலைக்கு வாங்குகிறார். வாக்கைப் பெற்றவர் அதனை ஆயுதமாக்கவில்லை. நிலம் தமதே, மக்கள் அதில் அந்நியரும் தங்கிவாழ்வோருமே என்று கடவுள் கூறுவதாக லேவியர் 25 உரைக்கிறது. இசுரயேலரை எகிப்திலிருந்து கொணர்ந்தது போலவே பெலிஸ்தியரையும் அரமேயரையும் வெவ்வேறு இடங்களிலிருந்து கொணர்ந்தவர் கடவுளே என்று ஆமோஸ் 9 உரைக்கிறது. வாக்களித்தவரின் பிறழாமை வேறு. வாக்கைப் பெற்றவர் அதன்மேல் கோரும் அதிகாரம் வேறு. முன்னதைக் கொண்டு பின்னதை நிறுவ முனைவோர்க்கு மக்பேலா நிலத்தின் விலை ஒரு தடை.

இந்திய மண்ணில் இவ்வினா

பழைய வாக்கைச் சுமந்து வாழ்ந்த யூதர்க்கு இந்திய மண்ணிலும் ஒரு வாக்கு அளிக்கப்பட்டது. கி.பி. 1000 அளவில் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து இசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவர்க்கு அளித்த செப்பேடு, அஞ்சுவண்ண உரிமையையும் 72 சிறப்புரிமைகளையும் வழங்குகிறது. வட்டெழுத்தில் அமைந்த அதன் மொழி தமிழறிந்தார்க்கு அயலானதன்று. பல்லக்கு, குடை, முரசு முதலான சிறப்புகளும் வரிநீக்கமும் அவர்க்கும் அவர் வழியினர்க்கும் உலகும் நிலவும் உள்ளளவும் உரியன என்கிறது. கதிரையும் நிலவையும் எல்லையாக வைக்கும் 89ஆம் பாடலைக் கற்ற சமூகத்துக்கு, தமிழக ஆவணங்களில் 'சந்திராதித்தவல்' என வழங்கும் இவ்வாய்பாடு பழக்கமான மொழியாகவே தோன்றியிருக்கக்கூடும்.

அவ்வாக்கை அளித்த சேரமரபு பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவுற்றது. நிலவு எஞ்சியது, அரசு எஞ்சவில்லை. ஆயினும் பின்னர்க் கொச்சி மன்னர் யூதர்க்குத் தம் அரண்மனையை அடுத்தே இடமளித்தனர். மட்டாஞ்சேரிப் பரதேசித் தொழுகைக்கூடம் 1568இல் எழுந்தது. ஒரு மரபு அளித்த பாதுகாப்பைப் பிறிதொரு மரபு தொடர்ந்தது. கொச்சி யூதருட் பெரும்பாலோர் 1950களில் இசுரேலுக்குச் சென்றனர். அவர்களைத் துரத்தியவர் எவருமிலர். தம் முன்னோர்க்கு அளிக்கப்பட்டதாக நம்பிய பழைய வாக்கின் ஈர்ப்பு அப்பயணத்துக்கு ஒரு காரணம். 2017 சூலையில் இந்தியப் பிரதமர் இசுரேலியப் பிரதமர்க்கு அளித்த பரிசுகளுள் இச்செப்பேட்டின் படியும் ஒன்று.

தலைநகரிலும் இவ்வினாவுக்கு ஓர் இடமுண்டு. புதுதில்லி லோதி சாலையின் வடபுறத்துத் தோட்டத்தில் சையித் மன்னர் முகமது ஷா, 1517இல் மறைந்த சிக்கந்தர் லோதி ஆகியோரின் கல்லறைகள் உள்ளன. 1526இல் பானிப்பட்டுப் போரோடு லோதி அரசு முடிந்தது. அவர்கள் யார் யார்க்கு எவ்வெவற்றை வாக்களித்திருந்தாலும் அவற்றைக் கேட்கவோ தரவோ இன்று எவருமில்லை. அச்சாலையிலிருந்து சிறிது தொலைவில் ஹுமாயூன் சாலையில் 1956இல் எழுந்த ஜூடா ஹையாம் தொழுகைக்கூடம் உள்ளது. அதனை ஒட்டி ஒரு சிறு கல்லறைத் தோட்டமும் உண்டு. தில்லி யூதர் எண்ணிக்கையில் மிகச் சிலர். பெரும்பாலும் மேற்குக் கடற்கரையைச் சேர்ந்த பெனே இசுரேல் மரபினர். அச்சிறு கூடத்தில் ஓதப்படும் மறைநூலின் உடன்படிக்கை, சுற்றியுள்ள பேரரசுகளின் சின்னங்கள் எல்லாவற்றினும் பழையது. வாக்கின் ஆயுள் வாக்களித்தவரின் படைவலியைப் பொறுத்ததன்று, அதனை ஓதுவோரைப் பொறுத்தது என்பதற்கு இவ்விரு இடங்களும் அருகருகே சான்றாகின்றன.

முடிவுரை

தமிழகச் செப்பேடுகளில், இவ்வறத்தைக் காப்பவரின் அடி தன் தலைமேல் என்று கொடையளித்த அரசன் கூறும் மரபு உண்டு. தான் இறப்பவன் என்றும், தன் வாக்குப் பிறரால் காக்கப்பட வேண்டியது என்றும் அறிந்தவனின் பணிவு அது. எபிரேய மறைநூலின் கடவுள் எவர் அடியையும் தலைமேல் ஏற்க வேண்டியவர் அல்லர். ஆனால் அவர் வேறொன்றை ஏற்றுக்கொள்கிறார். தம்மை நோக்கிய குற்றச்சாட்டைத் தம் வழிபாட்டின் பகுதியாக ஏற்றுக்கொள்கிறார்.

இதனின்று பெறப்படுவன மூன்று. கடவுளின் வாக்குப் பிறழாமை என்பது நிகழ்ச்சிகளைப் பார்த்து நாம் சூட்டும் நற்சான்று அன்று. நிகழ்ச்சிகள் மாறாக நிற்கும்போதும் அவரிடம் முறையிட நமக்குள்ள உரிமை. அவ்வுரிமை, தன்னையே நொந்துகொள்ளும் தலைவியின் மொழியிலும் எதிர்நின்று வினவும் கண்ணகியின் மொழியிலும் வெளிப்படலாம். மறைநூல் இரண்டையும் காத்து வைத்துள்ளது. இறுதியாக, வாக்கைப் பெற்றவர் என்பதால் பிறர் நிலத்தின்மேல் ஒருவர்க்கு அதிகாரம் வந்துவிடாது என்பதை ஆபிரகாம் நிறுத்துக் கொடுத்த வெள்ளி உணர்த்துகிறது. நற்சிங்கன் கூடல் தெருவில் கதறியபோது அரசன் நின்றான், கேட்டான், ஆராய்ந்தான். அரசனிடம் எதிர்பார்க்கும் இதனைக் கடவுளிடம் எதிர்பார்ப்பது மிகையாகாது என்பதே 89ஆம் பாடலின் நம்பிக்கை. அது விடை பெறவில்லை. ஆனால் வினவுவதைக் கைவிடவும் இல்லை.